தம்பியிடம் கடவுள் பேசுகிறாராம்: நாங்கள் பயப்பட வேண்டுமா?

மூத்தவள் இந்த இணையக் குழுவில் கேட்டது (இங்கே எல்லோரும் புனைபெயரில்தான் எழுதுகிறார்கள்):

தம்பிக்கு 22 வயது. சில மாதங்களாக ராத்திரி தூங்குவதில்லை. விளக்கை அணைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பான். பக்கத்தில் யாரோ பேசுவதைக் கேட்பதுபோல் தலையை இடது பக்கம் சாய்த்துக்கொள்வான். கொஞ்ச நேரம் கழித்து "சரி... சரி" என்பான். என்னடா என்றால், கடவுள் பேசுகிறார் என்கிறான். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை.

நாங்கள் பக்தியான குடும்பம். அம்மாவே தினமும் பிரார்த்தனையில் கடவுளோடு பேசுகிறவர்தான். அதனால் அவருக்கு இதில் சந்தோஷம். "எத்தனை பேருக்கு இந்தக் கொடுப்பினை கிடைக்கும்? டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் அதைக் கெடுக்கணுமா?" என்கிறார். அப்பா, "வெளியில யாருக்கும் தெரியக் கூடாது" என்பதோடு சரி.

இரண்டு விஷயம் உறுத்துகிறது. போன வாரம் சமையலறையில் ஒரு கத்தியைக்கூடக் காணோம். தேடினால், எல்லாவற்றையும் பழைய துண்டில் சுற்றி, நூல் கட்டி, பரண்மேல் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறான். "இதெல்லாம் கைக்கெட்டுற இடத்துல வேண்டாம்னு சொல்றார்" என்றான். இன்னொன்று, மாடி வீட்டுக்காரர். அவர் படியில் இறங்கும் சத்தம் கேட்டாலே இவன் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறான். "அவர் யாருன்னு எனக்குச் சொல்லியாச்சு" என்கிறான். அந்த மனிதர் எங்கள் எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறவர்.

பெரியப்பா மகன், "ஏதாவது ஆகிறதுக்கு முன்னாடி போலீஸ்ல சொல்லி வை" என்கிறான். இது பக்தியா, நோயா? எப்படித் தெரிந்துகொள்வது? இவனால் யாருக்காவது ஆபத்து வருமா?


நேர்பேச்சு:

உங்கள் பெரியப்பா மகன் சொல்வதுதான் சரி. கடவுள் சொன்னார் என்று பெற்ற பிள்ளையையே வெட்டியவன் செய்தியெல்லாம் நாம் படிக்காததா? கத்தியை ஒளித்து வைக்கிறான் என்றால் மனதில் ஏதோ ஓடுகிறது. மாடி வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அப்புறம் அழுது பிரயோசனம் இல்லை.


ராத்திரி ட்யூட்டி:

மனநலப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை, உங்கள் தம்பியைப் பார்த்ததும் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

பாருங்கம்மா, பக்தியா நோயா என்ற கேள்வியை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அதற்கு விடை கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் உங்கள் வீட்டில் யாரும் எதுவும் செய்யப்போவதில்லை. அம்மாவுக்கும் பெரியப்பா மகனுக்கும் வாதம் நடக்கும், பையன் தூங்காமலேயே இருப்பான். இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கும். குணமாகி, அதே பக்தியோடு வீட்டுக்குப் போனவர்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். மாத்திரை பக்தியைக் கரைக்காது. அம்மாவிடம் வேறு எதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லுங்கள்.

மருத்துவர்கள் பயன்படுத்தும் கையேடுகளும், ஒரு சமூகத்தில் பலரும் ஏற்றுக்கொண்டிருக்கிற நம்பிக்கையை நோயின் அறிகுறியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் சொல்கின்றன. அம்மா பிரார்த்தனையில் பேசுவது அந்தக் கணக்கில் வரும். பேசி முடித்து எழுந்து வேலையைப் பார்க்கிறார் அல்லவா? தம்பி அப்படி எழுந்து வருகிறானா? "கடவுள்" என்ற சொல்லை ஒரு நிமிடம் எடுத்துவிட்டு நீங்கள் எழுதியதையே திரும்பப் படியுங்கள். பல மாதமாகத் தூக்கமில்லை, தெரிந்த மனிதரின் காலடிச் சத்தத்துக்குக் கதவைத் தாழ்போடுகிறான், 22 வயது. இப்படிச் சொன்னால் எந்த அம்மாவும் டாக்டரிடம் போக யோசிக்க மாட்டார்.

இனி ஆபத்து. நேர்பேச்சு சொல்கிற மாதிரிச் செய்திகள் பொய்யில்லை. ஆனால் உலகத்தில் மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா, இல்லாத குரல் கேட்பது அதன் அறிகுறிகளில் ஒன்று) உள்ளவர்கள் மட்டும் 2 கோடிக்கு மேல். சுமார் 345 பேருக்கு ஒருவர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்த நோய் இல்லாமலே குரல் கேட்பவர்கள் தனி. இத்தனை பேரில் செய்தியில் வருகிறவர்கள் எத்தனை பேர்? 1998இல் அமெரிக்காவில் மெக்ஆர்தர் ஆய்வு என்று ஒன்று வெளிவந்தது. மனநலப் பிரிவிலிருந்து வீடு திரும்பிய ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் குடி, போதைப் பழக்கம் இல்லாதவர்கள், அதே தெருக்களில் வாழ்ந்த, அந்தப் பழக்கம் இல்லாத மற்றவர்களைவிடக் கூடுதலாக வன்முறையில் இறங்கவில்லை. போதை சேர்ந்தால் இரண்டு தரப்பிலும் கணக்கு ஏறியது, வீடு திரும்பியவர்களிடம் இன்னும் கூடுதலாக. அப்படி நடந்த வன்முறையும் பெரும்பாலும் வீட்டில், வீட்டு மனிதர்கள், நண்பர்கள்மேல்தான். ஊர் பயப்படுவது தெருவில் போகிறவர்களுக்காக. உண்மையில் அடிபடுவது அம்மாவும் அக்காவும்.

அதனால் தம்பி குடிக்கிறானா, கஞ்சா புகைக்கிறானா என்று நிச்சயமாகத் தெரிந்துகொள்ளுங்கள். திட்டுவதற்காக இல்லை, டாக்டரிடம் சொல்வதற்காக.

அடுத்து, குரல் கேட்கிறது என்பதைவிட அது என்ன சொல்கிறது என்பது முக்கியம். புகழ்கிறதா, கேலி செய்கிறதா, கட்டளை போடுகிறதா? செய்யாவிட்டால் இன்னது நடக்கும் என்று மிரட்டுகிறதா? இதுவரை எதற்கெல்லாம் கீழ்ப்படிந்திருக்கிறான், எதை மறுத்திருக்கிறான்? குரலுக்கு உரியவர் எவ்வளவு பெரியவர் என்று நம்புகிறானோ அவ்வளவுக்கு மறுப்பது கஷ்டம். கடவுள் என்று நம்பும்போது நான் கூடுதலாகக் கவனிப்பது அதற்காகத்தான், பக்தியைச் சந்தேகப்பட்டு அல்ல. கேட்டால் நாமே எண்ணத்தைக் கிளறிவிட்டதாக ஆகுமோ என்று பயப்படாதீர்கள். கேட்காமல் விடுவதுதான் ஆபத்து. தற்கொலை பற்றியும் நேராகவே கேளுங்கள். மனச்சிதைவு உள்ளவர்களில் சுமார் 5 சதவீதம் பேர் தற்கொலையில் போகிறார்கள். மற்றவர்களுக்கு இவர்களால் வரும் ஆபத்தைப் பேசுகிற அளவுக்கு இதை யாரும் பேசுவதில்லை.

கத்திகளைப் பற்றி எனக்கு நேர்பேச்சுக்குத் தோன்றுவது தோன்றவில்லை. வெட்ட நினைப்பவன் கத்தியைத் தலையணைக்குக் கீழே வைப்பான், பரணில் நூல் கட்டி வைக்க மாட்டான். ஏதோ ஒன்றைத் தடுக்கப் பார்க்கிறான். எதை என்பதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். என்னை அதிகம் உறுத்துவது மாடி வீட்டுக்காரர். கடவுள் பொதுவாகப் பேசுவது ஒரு விஷயம், ஒரு குறிப்பிட்ட மனிதரைக் காட்டி "இவன் கெட்டவன்" என்று சொல்வது வேறு விஷயம். அவன் அவரை விட்டு ஒதுங்குகிறவரை கொஞ்சம் நிம்மதி. அவரைத் தேடிப்போக ஆரம்பித்தாலோ, அவர் வரும் நேரத்துக்குக் காத்திருந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

பேசும்போது "அதெல்லாம் இல்லடா, உன் பிரமை" என்று ஆரம்பிக்காதீர்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "ஆமா, எனக்கும் கேட்குது" என்று பொய்யும் வேண்டாம். "எனக்குக் கேட்கலை, உனக்குக் கேட்குதுன்னு தெரியுது. தூங்க விடாம பண்ணுதே, கஷ்டமா இல்லையா?" இப்படிப் போங்கள். தனியாக, உட்கார்ந்து, அவனுக்கும் வாசலுக்கும் நடுவில் நீங்கள் இல்லாமல். கடைசியாகச் சொன்னது உங்களுக்காகவும்தான், அவனுக்காகவும்தான். வழி அடைபட்டிருக்கிறது என்று தோன்றினாலே பயந்தவன் முரண்டு பிடிப்பான்.

டாக்டரிடம் போகத் தூக்கத்தைக் காரணமாகச் சொல்லுங்கள். அது பொய்யில்லை, அவனுக்கும் வேண்டியது. முதலில் பொது மருத்துவரிடமே போகலாம். வலிப்பின் சில வகைகள், தைராய்டு, ஸ்டீராய்டு மாத்திரை, மூளை அழற்சி, குடியைத் திடீரென நிறுத்துவது எல்லாமே குரல் கேட்க வைக்கலாம். ரத்தப் பரிசோதனை இல்லாமல் யாரும் இதற்குப் பெயர் வைக்கக் கூடாது.

நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று தெரியவில்லை. அங்கே மனநல அவசர எண் எது, எந்த மருத்துவமனையில் இரவிலும் மனநல மருத்துவர் இருப்பார் என்பதை இன்றே குறித்து வையுங்கள். போலீஸ் கடைசி வழி. கூப்பிட வேண்டி வந்தால் முதல் வாக்கியத்திலேயே "உடம்பு சரியில்லாதவன், கையில் ஆயுதம் இல்லை" (அது உண்மையாக இருந்தால்) என்று சொல்லுங்கள். "பைத்தியம் பிடித்துவிட்டது, காப்பாற்றுங்கள்" என்று அலறினால் வருகிறவர்கள் அதற்குத் தயாராகித்தான் வருவார்கள்.


சாட்சி:

நர்ஸம்மா நன்றாக எழுதியிருக்கிறார். ஆனாலும் ஒரு கேள்வி. பிற்பாடு பிரெஞ்சுப் படையை வழிநடத்திய ஜோன் ஆஃப் ஆர்க் என்ற பெண்ணுக்குச் சுமார் 13 வயதில் அப்பாவின் தோட்டத்தில் குரல் கேட்டது. அன்று ஒரு டாக்டர் இருந்திருந்தால் மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்திருப்பார். கடவுள் ஒருவரிடம் பேசவே மாட்டார் என்று முடிவு கட்டிவிட்டால் அப்புறம் மதம் எதற்கு?


காதோரம்:

சாட்சி, அந்தப் பெண்ணை 1431இல் உயிரோடு எரித்தவர்களும் கடவுள் பேரில்தான் எரித்தார்கள். அதை விடுங்கள்.

எனக்குக் குரல் கேட்கும், இன்றைக்கும். நான் நம்பிக்கை உள்ளவன், வேலைக்குப் போகிறவன், வரி கட்டுகிறவன். இதை இங்கே எழுதக் காரணம், மூத்தவள் தன் தம்பியை இனி வாழ்நாளெல்லாம் பயந்து பயந்து பார்க்கக் கூடாது என்பதுதான்.

முதலில் மதத்தைப் பற்றி. கேட்கிற குரலையெல்லாம் மதங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றதில்லை. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் இருந்த துறவி தெரசாவே குரல் கேட்டவர். அவரே, மனச்சோர்வு உள்ளவர்கள் தங்களுக்குக் குரல் கேட்டதாகச் சொன்னால் அதைப் பொருட்படுத்த வேண்டாம், அவர்களைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம், நோயாளிகளாக நடத்துங்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். சலித்துப் பார்ப்பது பக்திக்கு விரோதம் இல்லை என்று அம்மாவிடம் சொல்ல இது உதவும்.

எனக்கு இரண்டு குரல். ஒன்று வயதான பெண் குரல், சும்மா ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும், "சாவியை எடுத்தியா" வரைக்கும். அது போனால் எனக்கு வெறிச்சென்று இருக்கும். இன்னொன்று ஆண் குரல். அது ஆரம்பத்தில் ஆண்டவன் பேரில்தான் வந்தது. ரயில் நிலையத்தில் நிற்கும்போது, முன்னால் நிற்பவரின் முதுகைக் காட்டி, "தள்ளு" என்று சொல்லும். ஒரே சொல், சத்தமே இல்லாமல், மிக அமைதியாக. நான் அன்றிலிருந்து பிளாட்பாரத்தில் சுவரில் முதுகு ஒட்டித்தான் நிற்பேன், ரயில் நின்று கதவு திறந்த பிறகுதான் நகர்வேன். உங்கள் தம்பி கத்தியைப் பரணில் ஏற்றியதைப் படித்ததும் எனக்கு அந்தச் சுவர்தான் ஞாபகம் வந்தது. அது வெறும் ஊகம். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் மதிக்கும் ஒரு பெரியவரும் என் டாக்டரும் தனித்தனியாக ஒரே விஷயத்தைத்தான் கேட்டார்கள்: ஒருத்தருக்குக் கேடு செய்யச் சொன்னால் அதை நீ கும்பிடுகிறவர் சொன்னதாக எடுத்துக்கொள்வாயா? மாட்டேன் என்றேன். அதை வைத்துத்தான் அந்தக் குரலுக்கு இருந்த பதவியைப் பிடுங்கினேன். குரல் போகவில்லை, அதிகாரம் போனது. இப்போது அது ஏதாவது உத்தரவு போட்டால், "ராத்திரி எட்டு மணிக்கு வா, பேசலாம்" என்பேன். பாதி நாள் எட்டு மணிக்கு வராது. மாத்திரையும் சாப்பிடுகிறேன். மாத்திரை சத்தத்தைக் குறைத்தது, மீதியைப் பேசிப் பேசிப் பழகிக்கொண்டேன்.

நெதர்லாந்தில் மாரியஸ் ரோம் என்ற மனநல மருத்துவரிடம் பாட்ஸி ஹேக் என்ற பெண் சிகிச்சைக்கு வந்தார். யாரும் பார்க்காத, கேட்காத கடவுளை நீங்கள் நம்புகிறீர்களே, நான் நிஜமாகவே கேட்கும் குரலை நம்பக் கூடாதா என்று அவர் கேட்டது அந்த மருத்துவரைப் பிடித்து ஆட்டிவிட்டது. 1987இல் இருவரும் தொலைக்காட்சியில் பேசினார்கள். அதைப் பார்த்துத் தொடர்புகொண்டவர்களில் 450 பேர் குரல் கேட்பவர்கள். அவர்களில் 150 பேர், இதோடு வாழப் பழகிவிட்டோம் என்றார்கள். குரல் கேட்பவர்கள் ஒன்றுகூடிப் பேசும் குழுக்கள் பல நாடுகளில் அதிலிருந்துதான் கிளம்பின. உங்கள் பக்கத்தில் ஒன்று இருந்தால் நல்லது. ஆனால் டாக்டருக்குப் பதிலாக அல்ல, அதுவும் இந்த முதல் கட்டத்தில் அல்லவே அல்ல.


பழைய கோர்ட் நோட்டு:

பக்தியா, நோயா, நடிப்பா என்பதில் நீதிமன்றங்களே திணறியிருக்கின்றன. 1843இல் டேனியல் மெக்நாட்டன் என்பவர், ஆளும் கட்சி தன்னைத் துரத்துகிறது என்று நம்பி, பிரிட்டிஷ் பிரதமரின் செயலாளர் டிரம்மண்டைச் சுட்டார். மனநிலையைக் காரணம் காட்டி, குற்றவாளி இல்லை என்றார்கள். வீட்டுக்கு அனுப்பவில்லை, 1865இல் சாகும்வரை காப்பகம்தான். 1981இல் அதே பிரிட்டனில் பீட்டர் சட்கிளிஃப், கல்லறைத் தோட்டத்தில் கேட்ட கடவுளின் குரல்தான் பெண்களைக் கொல்லச் சொன்னது என்றார். மருத்துவர்கள் மனச்சிதைவு என்றார்கள், ஜூரி நம்பவில்லை, 13 கொலைக்கும் தண்டனை. மூன்று வருடம் கழித்து, 1984இல், அதே ஆளை மனநல மருத்துவமனைக்கு மாற்றினார்கள். நியூயார்க்கில் பலரைச் சுட்டுக் கொன்ற டேவிட் பெர்கோவிட்ஸ், பக்கத்து வீட்டு நாய் வழியாகப் பேய் கட்டளை போட்டது என்றார், பிறகு அது தான் கட்டியது என்று அவரே சொன்னார். நேர்பேச்சு படிக்கிற செய்திகளில் எது எந்த வகை என்று தலைப்பை வைத்துச் சொல்ல முடியாது.


நேர்பேச்சு:

சரி, போலீஸ் வேண்டாம். ஆனால் மாடி வீட்டுக்காரருக்குச் சொல்லாமல் இருப்பது நியாயமா? அவருக்கும் குடும்பம் இருக்கும்.


மூத்தவள்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு பேசினேன். நர்ஸம்மா சொன்ன மாதிரியே தூக்கத்தில் ஆரம்பித்தேன். அழுதான். கத்தி விஷயத்தை அவனாகவே சொன்னான். மாடி வீட்டுக்காரர் எங்கள் குடும்பத்துக்கு ஏதோ செய்யப்போகிறார், அதற்கு முன்னால் நீ முந்திக்கொள் என்று அந்தக் குரல் ராத்திரியில் திரும்பத் திரும்பச் சொல்கிறதாம். "கடவுள் சொல்றதைத் தட்ட முடியலை, செய்யவும் முடியலை, அதான் கண்ணுல படாம வெச்சேன்" என்றான். அம்மா கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டார். அவர் இன்னும் டாக்டர் வேண்டாம் என்றுதான் சொல்கிறார், ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை. அடுத்த வாரம் ஒரு நல்ல டாக்டரிடம் நேரம் கிடைத்திருக்கிறது.


ராத்திரி ட்யூட்டி:

அடுத்த வாரம் இல்லை. இன்று. நேரம் வாங்கிய டாக்டர் பிறகு பார்த்துக்கொள்ளட்டும், இப்போது அவசரப் பிரிவுக்குப் போங்கள். குறிப்பிட்ட ஆள், குறிப்பிட்ட கட்டளை, எதிர்த்து நின்று களைத்துப்போனவன். இது மூன்றும் சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. சிகிச்சை தொடங்கும் முன்பான காலம்தான் இந்த மாதிரி நோயில் மோசமான காலம். தொடங்கியபின் ஆபத்து வெகுவாக இறங்கிவிடும். அவன் உதவி கேட்டிருக்கிறான் அம்மா, அழுததற்கு அதுதான் அர்த்தம். "உன்னால இனி தனியா தாங்க முடியாது, வா போகலாம்" என்றால் வருவான்.

நேர்பேச்சு கேட்டதும் நியாயமான கேள்விதான். அதை டாக்டரிடமே கேளுங்கள். அவன் மருத்துவமனையில் இருந்தால் அது பெரும்பாலும் தேவைப்படாது. வீட்டுக்கே அனுப்பினால், மாடி வீட்டுக்காரருக்கு யார், எவ்வளவு சொல்வது என்று அங்கேயே முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள். நீங்களாகப் போய்ப் பதற்றத்தில் கொட்டிவிட்டு வராதீர்கள்.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: தூக்கம் எப்போது போனது, குரல் சொன்ன வார்த்தைகள் அப்படியே, கத்தி, மாடி வீட்டுக்காரர் பெயர், போதைப் பழக்கம் உண்டா இல்லையா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறான். அங்கே நீங்கள் வாயால் சொல்ல ஆரம்பித்தால் அழுகைதான் வரும், அவசரப் பிரிவில் கேட்கிறவர்களுக்கும் நேரம் இருக்காது. அந்தக் கத்தி மூட்டையை அக்கம்பக்கம் அல்லாத வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள்.

இன்னொன்று, அம்மாவுக்காக. மருந்து ஆரம்பித்ததும் முதலில் தூக்கம் வரும், படபடப்பு அடங்கும். குரல் தணியப் பல வாரம் ஆகலாம். இதை இன்றே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு வாரத்தில், "சும்மா தூங்க வைக்கிறாங்க, குரல் அப்படியேதான் இருக்கு" என்று அவரே மாத்திரையை நிறுத்திவிடுவார்.